வண்டியில் இரண்டாவது பேட்டரி: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் பழைய ஜீப்புகளின் ஒயரிங் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: தார், பொலேரோ, கூர்க்கா, பழைய மேஜர் ஜீப் வைத்திருப்பவர்கள் இரண்டாவது பேட்டரி போடலாமா, எப்படிப் போடுவது? குன்னூரில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. பிடித்த வேலை என்பதாலேயே, தேவைப்படாத வண்டிக்கு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். பதில்கள் எல்லாம் மலையில் ஓடும் வண்டிகளை மனதில் வைத்து எழுதியவை.

கேள்வி (மஞ்சூர் வாசகி): எங்களிடம் 2014 மாடல் டீசல் தார் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. பேட்டரி வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. இன்னொரு பேட்டரியைச் சேர்த்துக் கட்டினால் சரியாகிவிடும் என்கிறான் என் தம்பி. செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. இரண்டு பேட்டரி முறையில் ஒன்று செல்ஃபுக்கு மட்டும். மற்றது, இன்ஜின் நின்றிருக்கும்போது ஓடுகிற ஃபிரிட்ஜ், லைட் முதலியவற்றுக்கு. இரவெல்லாம் ஃபிரிட்ஜ் ஓடினாலும் காலையில் வண்டி எடுக்கும். அதன் பயன் அவ்வளவுதான். சோர்ந்த பேட்டரியோடு புதியதை நேராகச் சேர்த்துக் கட்டினால், சோர்ந்தது புதியதையும் சேர்த்து இறக்கிவிடும்.

சாதாரண ஈய-அமில பேட்டரி, பூஜ்ஜியம் டிகிரி குளிரில் தன் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தராது. அதே நேரத்தில் இன்ஜின் ஆயில் கெட்டியாகிவிடுவதால் செல்ஃப் அதிக கரண்ட் கேட்கும். டீசல் இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் வேறு இழுக்கும். மேட்டுப்பாளையத்தில் எந்தக் குறையும் காட்டாத பேட்டரி, தை மாதம் மஞ்சூரில் திணறுவது இதனால்தான்.

காசு செலவழிப்பதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு நிறுத்திய வண்டியில், காலையில் எதையும் போடுவதற்கு முன் பேட்டரியை அளக்க வேண்டும். மீட்டர் முனையை, மேலே மாட்டியிருக்கும் கிளாம்ப்பில் வைக்காமல் நடுவில் தெரியும் ஈயக் குமிழிலேயே வையுங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. அப்புறம் தம்பியை செல்ஃப் அடிக்கச் சொல்லி, அந்த நொடியில் எண் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். முழு சார்ஜில் இருந்தும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி மேல் சந்தேகம். 10.5, 11 என்று நிற்கிறது, ஆனாலும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால், பேட்டரி நன்றாகவே இருக்கிறது. கரண்ட் வழியில் எங்கோ தொலைகிறது.

மலை வண்டிகளில் அது பெரும்பாலும் எர்த்தில்தான், அதாவது பேட்டரியின் நெகட்டிவை இன்ஜினோடும் பாடியோடும் சேர்க்கும் இணைப்பில்தான், தொலைகிறது. மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் குமிழிலும், சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து மறுபடி செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கெட்டுவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும். கழற்றிப் பார்த்தால், லக் (கேபிள் நுனியில் உள்ள உலோக வளையம்) உட்காரும் முகம் பழுப்பேறி, ஓரமெல்லாம் பச்சைப் பொடி பூத்திருக்கும். வருடம் முழுக்க மஞ்சில் நனையும் வண்டிக்கு இது வந்தே தீரும். உப்புத்தாள் வைத்து, இரண்டு பக்கமும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். பல் வைத்த வாஷர் ஒன்று போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே வாஸலின் தடவிவிடுங்கள். தேய்க்கும்போதே எர்த் பட்டை நரம்பு நரம்பாக அறுந்திருந்தால் புதிதாகவே மாற்றிவிடுவது நல்லது. இதற்கு ஆகும் செலவு ஒரு பேட்டரி விலையில் சிறு துளிகூட இல்லை. இவ்வளவும் செய்த பிறகும் சரியாகவில்லை என்றால், இருக்கும் பேட்டரியை லோட் டெஸ்ட் செய்து, தேவைப்பட்டால் அதை மாற்றுங்கள். இரண்டாவது பேட்டரியை அதன் பிறகு யோசிக்கலாம்.

கேள்வி (கோத்தகிரி வாசகர்): பழைய பொலேரோ வாங்கியிருக்கிறேன். மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் விடுமுறைக்குக் கிளம்பி, வண்டியோடு தங்க ஆசை. 40 லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ், இரண்டு எல்இடி லைட், நான்கு போன் சார்ஜ். எத்தனை ஏஎச் பேட்டரி? என்னென்ன வாங்க வேண்டும்? முழுதாகச் சொல்லுங்கள்.

பதில்: முழுதாகவே சொல்கிறேன். பேட்டரி சைஸை முதலில் முடிவு செய்யாதீர்கள். செலவுக் கணக்கை முதலில் போடுங்கள்.

12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் எடுக்கும், ஆனால் ஓடிக்கொண்டே இருக்காது. கோத்தகிரி குளிரில் கால்வாசி நேரம் ஓடினால் போதும். ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஏஎச் என்பதால், ஒரு நாளைக்கு 24 ஏஎச். அதே ஃபிரிட்ஜை சித்திரை மாதம் மசினகுடியில் வைத்தால் பாதி நேரம் ஓடும், 48 ஏஎச். ஆறு வாட் லைட் இரண்டு, தினம் நான்கு மணி நேரம் என்றால் 4 ஏஎச். நான்கு போனுக்கு இழப்பையும் சேர்த்து 6 ஏஎச் வைத்துக்கொள்ளுங்கள். ஆக, மலையில் ஒரு நாளைக்கு 34, வெயிலில் 58.

ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. இறக்க இறக்க ஆயுள் குறையும். 100 ஏஎச் என்று எழுதியிருந்தால் உங்களுக்கு 50தான். மலையில் ஒன்றரை நாள் வரும், மசினகுடியில் ஒரு நாள்கூட முழுதாக வராது. வாங்கும்போது தடித்த தகடு வைத்த டீப் சைக்கிள் ஏஜிஎம் பேட்டரியாகக் கேளுங்கள்; ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறவைத்துச் சீல் செய்த வகை அது. செல்ஃபுக்கான பேட்டரியில் தகடு மெல்லியது, எண்ணிக்கை அதிகம். சில நொடிக்குப் பெரிய கரண்ட் கொடுப்பதற்கென்று செய்தது. இரவெல்லாம் மெதுவாக இறக்கும் வேலைக்கு அது தாங்காது.

இதற்குமேல்தான் பலரும் கணக்கை விட்டுவிடுகிறார்கள். பேட்டரி வெறும் தொட்டி, ஊற்று இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர்தான். தொட்டியை எவ்வளவு பெரிதாக வைத்தாலும் ஊறுவதுதான் நிரம்பும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில், பாதி இறங்கிய பேட்டரிக்குள் 15 அல்லது 20 ஏஎச் போனால் நல்லது. அதுவும் ஹெட்லைட், ஃபாக் லைட், வைப்பர், புளோயர் எல்லாம் ஓடுகிற மழை நாளில் இன்னும் குறையும். போதாததற்கு, ஈய பேட்டரி கடைசி 20 சதவீதத்தை வாங்கிக்கொள்ள மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும், அவசரப்படுத்த முடியாது. எஸ்டேட்டுக்கும் டவுனுக்கும் நாலு கிலோமீட்டர் போய் வருகிற வண்டியில் பின் பேட்டரி (டிக்கியில் வைக்கும் இரண்டாவது பேட்டரி) ஒரு நாளும் நிரம்பாது. நிரம்பாமலே கிடக்கும் பேட்டரியில் தகட்டின் மேல் சல்பேட் படிந்து சீக்கிரம் செத்துவிடும். ஆகவே வீட்டில் ஒரு நல்ல மெயின்ஸ் சார்ஜர் வாங்கி வையுங்கள். பயணத்துக்கு முந்தைய இரவும், திரும்பி வந்த இரவும், சும்மா நிற்கும் காலத்தில் மாதம் ஒரு முறையும் மாட்டுங்கள். இரண்டாவது பேட்டரி வைக்கும் யாருக்கும் நான் முதலில் வாங்கச் சொல்லும் பொருள் இதுதான்.

இரண்டு பேட்டரியையும் இணைப்பதற்கு உங்கள் வண்டிக்கு விஎஸ்ஆர் போதும். வோல்ட்டேஜைப் பார்த்துத் தானே சேரும், தானே பிரியும் ரிலே அது. இன்ஜின் ஓடி முன் பேட்டரி சுமார் 13.3 வோல்ட்டைத் தொட்டதும் பின் பேட்டரியைச் சேர்க்கும், 12.8க்கு இறங்கியதும் பிரித்துவிடும். நூறு ஆம்பியருக்கு மேல் தாங்கும் ரிலேயாக வாங்குங்கள். கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோட் ஐசொலேட்டர் வேண்டாம். அது ஏறக்குறைய 0.7 வோல்ட்டை விழுங்கிவிடுவதால் பின் பேட்டரி நிரம்பாது. இக்னிஷனில் இருந்து ஓடும் சாதாரண ரிலேயும் வேண்டாம். சாவி போட்டதுமே சேர்ந்துவிடுவதால், செல்ஃப் அடிக்கும்போது அதன் கரண்ட் பின்னாலிருந்து அந்தச் சிறிய ரிலே வழியாக ஓடப் பார்க்கும். கைச் சுவிட்ச் வேலை செய்யும். ஆனால் இரவில் களைத்துப்போய் வண்டியை நிறுத்தும்போது அதைத் திருப்ப ஞாபகம் இருக்காது.

கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள். பானெட்டிலிருந்து டிக்கி வரை ஐந்து மீட்டர். போக வர பத்து மீட்டர். 25 ஆம்பியர் ஓடும்போது 6 ஸ்கொயர் எம்எம் ஒயரில் 0.7 வோல்ட் விழும். ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தால் பின்னால் 13.5தான் சேரும், பேட்டரி நிரம்பிய மாதிரி தோன்றும், நிரம்பாது. 16 ஸ்கொயரில் 0.27 விழும், 25 ஸ்கொயரில் 0.17. நான் 25 போடுகிறேன். நெகட்டிவுக்கும் அதே கனத்தில் தனி கேபிள் இழுத்துவிடுவேன்; மலை வண்டியின் பாடி வெல்டிங்கில் துரு ஏறாத இடம் குறைவு என்பதால் பாடி எர்த்தை நம்புவதில்லை. வாங்கும் கேபிளின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஃபியூஸ் இரண்டு வேண்டும். முன் பேட்டரி பக்கம் ஒன்று, பின் பேட்டரி பக்கம் ஒன்று, இரண்டும் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஏன் இரண்டு? அந்தக் கேபிளின் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. கரடுமுரடான பாதையில் குலுங்கி நடுவில் எங்கோ தோல் உரிந்து சேஸிஸில் பட்டால், இரு பக்கமிருந்தும் கரண்ட் பாயும். நேராக ஷார்ட் ஆன பேட்டரி ஆயிரம் ஆம்பியரும் தரும். கேபிள் சில நொடியில் பழுத்துவிடும், அதுவும் பிள்ளைகள் உட்காரும் சீட்டுக்குக் கீழே விரிப்புக்கு அடியில். 25 ஸ்கொயர் கேபிளுக்கு 100 ஆம்பியர் போல்ட் ஃபியூஸ் சரியாக இருக்கும். சில மாதங்களுக்கு முன் கடைக்கு வந்த ஒரு ஜீப்பில் வேறு எங்கோ செய்த வேலையைப் பார்த்தேன். நல்ல பேட்டரி, நல்ல ரிலே. பின்னால் ஃபியூஸே இல்லை. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வால் தகட்டின் ஓட்டையில் கேபிள் ரப்பர் இல்லாமல் நுழைந்திருந்தது. தகட்டின் விளிம்பு இன்சுலேஷனைப் பாதிக்கு மேல் அறுத்து வைத்திருந்தது. மிச்சம் இருந்தது நகக்கண் அளவு தோல்தான். அந்த வண்டியில் ஒரு குடும்பம் தினமும் போய்வந்துகொண்டிருந்தது. பின்னால் ஃபியூஸ் போடாத வண்டியை நான் என் கடையிலிருந்து வெளியே விட மாட்டேன்.

லக் அடிக்க ஹைட்ராலிக் கிரிம்ப்பர் வைத்திருக்கும் கடைக்குப் போங்கள். சுத்தியலால் தட்டிய லக் குலுக்கலில் கழன்றுவிடும். ஈயம் ஊற்றிப் பற்ற வைத்தது, ஈயம் முடியும் இடத்தில் விறைத்து ஒடிந்துவிடும். கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டினால் மஞ்சு உள்ளே போகாது. கேபிள் முழுக்க வளையும் கான்ட்யூட் குழாய்க்குள் போகட்டும். சைலன்சர், டீசல் குழாய் இரண்டிலிருந்தும் தள்ளி, அடிக்கு ஒரு கிளிப். கான்ட்யூட் போடுவதற்கு எலியும் ஒரு காரணம். குளிர் இரவில் சூடான இன்ஜினைத் தேடி வந்து எலி செய்யும் வேலை மலைவாசிகளுக்குத் தெரியும்.

பேட்டரி 30 கிலோ வரை இருக்கும். கயிற்றிலோ ரப்பர் ஸ்ட்ராப்பிலோ கட்டாதீர்கள். தரைத் தகட்டுக்கு அடியிலும் ஒரு இரும்புப் பட்டை வைத்து, ட்ரேயை போல்ட் போட்டு இறுக்கி, மேலே கிளாம்ப் போட வேண்டும். கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளிலும் அது அசையக் கூடாது. சடன் பிரேக் போட்டால் பிள்ளைகள் மேல் வரக் கூடாது. ஆட்கள் உட்காரும் இடத்துக்குள் வைப்பதால் சீல் செய்த ஏஜிஎம்தான் வைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை விடும்.

ஃபிரிட்ஜை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகாதீர்கள், குலுக்கலில் கழன்று நிற்கும். குலுக்கலில் கழலாத ஆண்டர்சன் பிளக் போட்டு 4 ஸ்கொயர் ஒயரில் தனி ஃபியூஸோடு கொடுங்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள். வனச்சாலை ஓரத்தில் இரவு நிறுத்தித் தங்காதீர்கள்; அனுமதியும் கிடையாது, யானை நடமாட்டமும் உண்டு. பட்டா நிலத்தில், உரிமையாளரிடம் கேட்டுத் தங்குங்கள்.

கேள்வி (ஊட்டி வாசகர்): புதிய பிஎஸ்6 வண்டி. விஎஸ்ஆர் போட்டேன். பர்லியாறிலிருந்து குன்னூர் ஏறும்போது ரிலே பிரிந்துவிடுகிறது, இறங்கும்போது சேர்கிறது. ரிலே பழுதா?

பதில்: ரிலே நன்றாக இருக்கிறது என்றே நினைக்கிறேன். நீங்கள் கவனித்துச் சொன்ன ஏற்றம்-இறக்கம்தான் விடை. புதிய வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரை இன்ஜின் கம்ப்யூட்டர் நடத்துகிறது. ஏற்றத்தில் இன்ஜினின் பலமெல்லாம் சக்கரத்துக்குப் போகட்டும் என்று சார்ஜிங்கைக் குறைத்து 12.5 வோல்ட் பக்கம் விட்டுவிடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து கியரில் இறங்கும்போது, வீணாகப் போகும் வேகத்திலிருந்து 14.5, அதற்கு மேலும்கூடச் சார்ஜ் ஏற்றும். எரிபொருளை மிச்சப்படுத்தும் நல்ல ஏற்பாடு அது. விஎஸ்ஆருக்கு மட்டும் ஒத்துவராது. சாக்கெட்டில் சொருகும் சிறிய வோல்ட் மீட்டர் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு ஒரு முறை ஏறி இறங்கிப் பாருங்கள். 13.8க்கும் 14.4க்கும் நடுவிலேயே நின்றால் என் ஊகம் தவறு, ரிலேயைச் சோதிக்கலாம். ஏறி இறங்கினால், விஎஸ்ஆரைக் கழற்றிவிட்டு டிசி-டிசி சார்ஜர் போட வேண்டும். அது வரும் வோல்ட்டேஜ் எதுவானாலும் உயர்த்தி, பின் பேட்டரிக்கு வேண்டிய அளவில் கொடுக்கும். 25 ஆம்பியர் சார்ஜர் போதும். இக்னிஷன் ஒயரையும் அதற்குக் கொடுத்தால், சாவி போட்டிருக்கும்போது மட்டும் ஓடும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், நன்றாகச் சூடாகும்.

கோத்தகிரி நண்பருக்குச் சொன்னதில் ஒன்று உங்களுக்கு மாறும். உங்கள் முன் பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்ப்பில் சிறிய பெட்டி மாதிரி ஒரு சென்சார் இருந்தால், புதிய நெகட்டிவ் கேபிளைக் குமிழில் மாட்டாதீர்கள். சென்சாரைத் தாண்டி, அந்த நெகட்டிவ் கேபிள் சேஸிஸில் சேரும் போல்ட்டில் மாட்டுங்கள். குமிழில் மாட்டினால் அந்தக் கரண்ட் சென்சாருக்குத் தெரியாமலே போகும், கம்ப்யூட்டர் தப்புக் கணக்குப் போடும். வாரன்டி உள்ள வண்டி என்பதால் கம்பெனி ஒயரில் எதையும் வெட்டி ஒட்ட விடாதீர்கள்.

கேள்வி (கூடலூர் வாசகர்): வீட்டில் 150 ஏஎச் டியூபுலர் இன்வெர்ட்டர் பேட்டரி சும்மா இருக்கிறது. ஜீப்பில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஐம்பது கிலோவுக்கு மேல் கனம், உயரமான டப்பா, உள்ளே ததும்பும் ஆசிட். அசையாமல் மூலையில் நிற்பதற்கென்று செய்தது. சரிந்த பாதையில் ஆசிட் சிந்தும், குலுக்கலில் தகடு உதிரும். வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கூடலூர் மழைக்காலத்தில் கரண்ட் போகும்போது உதவும்.

கேள்வி (தலைக்குந்தா வாசகர்): லித்தியம் பேட்டரி கனம் குறைவு, முழுதாகப் பயன்படுத்தலாம் என்கிறார்கள். எங்கள் ஊர் உறைபனியில் கெட்டுவிடும் என்றும் சொல்கிறார்கள். எது உண்மை?

பதில்: இரண்டும் உண்மை தம்பி. வண்டிக்கு ஏற்றது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. நூறு ஏஎச் பேட்டரி பன்னிரண்டு கிலோ பக்கம்தான் இருக்கும், 80, 90 ஏஎச் வரை எடுக்கலாம். ஆனால் செல்லின் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால், லித்தியம் உள்ளே போகாமல் தகட்டின் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது. குளிரில் சார்ஜ் இறக்குவதால் அந்தக் கேடு வராது, ஏற்றுவதுதான் ஆபத்து.

தலைக்குந்தாவில் புல்லெல்லாம் வெள்ளையாகிக் கிடக்கும் காலையிலும், மூடிய வண்டிக்குள் இருக்கும் பேட்டரி பெரும்பாலும் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. இரவில் கனத்த குளிர் காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்குவதால்தான் உங்கள் ஊர்ப் புல்வெளியில் உறைபனி பிடிக்கிறது. தரைமட்டத்தில் உள்ள அளவு குளிர் பெரும்பாலும் வண்டியின் உள்ளே இருக்காது. ஆகவே பேட்டரியைக் கேபினுக்குள் வையுங்கள், வெளியே ஜெர்ரி கேன் பக்கம் வைக்காதீர்கள். வாங்கும்போது, குளிரில் சார்ஜிங்கைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு உள்ளே இருக்கிறதா என்று எழுத்தில் பார்த்து வாங்குங்கள். எல்லா மலிவு பேட்டரியிலும் அது கிடையாது. விஎஸ்ஆர் வழியாக லித்தியத்தை நேராக இணைக்கவும் கூடாது. அதன் உள் தடை மிகக் குறைவு என்பதால் ஆல்டர்னேட்டரிடம் இருப்பதையெல்லாம் உறிஞ்சும். மெதுவாக ஊரும் மலைப்பாதையில் ஆல்டர்னேட்டர் காய்ந்து கருகிவிடும். டிசி-டிசி சார்ஜர் கட்டாயம்.

கேள்வி (கொடைக்கானல் வாசகி): அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கும் தொந்தரவு; இரவில் சிபேப் மெஷின் மாட்டித் தூங்குகிறார். பேரப் பிள்ளைகளோடு மன்னவனூர் பக்கம் ஒரு இரவு கூடாரத்தில் தங்க ஆசைப்படுகிறார். எங்கள் ஜீப்பில் இரண்டு பேட்டரி போட்டால் மெஷின் இரவு முழுக்க ஓடுமா?

பதில்: ஓடும் அம்மா, அப்பாவை அழைத்துப் போகலாம். ஆனால் அந்த ஒரு இரவுக்காக ஜீப்பில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

மெஷினின் செலவைத் தீர்மானிப்பது ஈரப்பதம் தரும் ஹீட்டர்தான். அது இல்லாமல் ஓடினால் பெரும்பாலான மெஷின்கள் எட்டு மணி நேரத்துக்கு 8லிருந்து 20 ஏஎச்சுக்குள் முடித்துவிடும். ஹீட்டரும் சூடாகும் குழாயும் சேர்ந்தால் இரண்டு, மூன்று மடங்கு ஆகும். கொடைக்கானல் குளிரில் ஹீட்டர் அதிகம் வேலை செய்யும். ஒரு இரவு ஹீட்டர் இல்லாமல் இருக்கலாமா என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட் ஆக்கி, மெஷினின் அடாப்டரில் மறுபடி இறக்குவதில் நிறையக் கரண்ட் வீணாகும். மெஷின் கம்பெனியே தரும் டிசி அடாப்டரை வாங்குங்கள். சில மெஷின்கள் 24 வோல்ட் கேட்கும், நேராக 12 வோல்ட்டில் மாட்டக் கூடாது.

கைப்பிடி வைத்த லித்தியம் பவர் பெட்டி ஒன்று, 500 வாட்-ஹவர் அளவில் வாங்கினால், வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக் கூடாரத்துக்குள் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் கரண்ட் போகும் இரவுகளிலும் அப்பாவுக்கு உதவும் என்பதால், ஜீப்பில் பூட்டி வைப்பதைவிட இதுதான் மேல். முக்கியமான ஒன்று: கிளம்புவதற்கு முன் வீட்டில் ஒரு முழு இரவு அதில் ஓட்டிப் பாருங்கள். காலையில் பெட்டியில் மூன்றில் ஒரு பங்காவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய பெட்டி வேண்டும்.

கேள்வி (பூம்பாறை வாசகர்): பூண்டுத் தோட்டத்தில் ஜீப் பகலெல்லாம் நிற்கும். மேலே 100 வாட் சோலார் வைத்து, இரண்டாவது பேட்டரி வழியாக இரண்டு ஸ்பிரேயர் பேட்டரிகளை, 12 வோல்ட் 12 ஏஎச், சார்ஜ் செய்ய முடியுமா?

பதில்: வெயில் நாளில் முடியும். நல்ல வெயிலில் 100 வாட் பேனல் உச்சி நேரத்தில் 5 ஆம்பியர் தரும். நாள் முழுக்க 25 ஏஎச் பக்கம் சேரும். இரண்டு ஸ்பிரேயரும் காலியாக வந்தால் இழப்போடு 28, 30 கேட்கும். ஆக ஏறக்குறைய சரிக்குச் சரி, மிச்சம் இருக்காது. மஞ்சு இறங்கிவிட்டால் அதே பேனல் ஒரு ஆம்பியருக்கும் கீழே போய்விடும். ஆகவே 200 வாட் வையுங்கள், பேனல் தரக்கூடியதை முழுதாக எடுக்கும் எம்பிபிடி கன்ட்ரோலரோடு. ஸ்பிரேயர் பேட்டரியை ஜீப் பேட்டரியோடு நேராக ஒயர் போட்டு இணைத்தால் பாதிதான் ஏறும். அது நிரம்ப 14.4 வோல்ட் வேண்டும், நிற்கும் ஜீப் பேட்டரியில் இருப்பது 12.6. சிறிய டிசி-டிசி சார்ஜர் ஒன்று நடுவில் வேண்டும். பேனலை வாரம் ஒருமுறை துடையுங்கள். மருந்து அடிக்கும்போது ஜீப்பைக் காற்று வீசி வரும் பக்கம் நிறுத்துங்கள். பேனல் மேல் படியும் மருந்துப் புகை காய்ந்தால் தேய்த்தெடுப்பது சிரமம்.

கேள்வி (கீழ்கோத்தகிரி வாசகர்): சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சை எந்தப் பேட்டரியில் இணைப்பது?

பதில்: முன் பேட்டரியில், இன்ஜினை ஓடவிட்டு. 9,500 பவுண்ட் வின்ச் முழு பாரத்தில் 400 ஆம்பியர் வரை இழுக்கும். பின்னால் போகும் கேபிளும் 100 ஆம்பியர் ஃபியூஸும் அதைத் தாங்காது. வின்ச்சுக்குத் தனிக் கேபிள், நடுவில் கையால் திருப்பும் கனமான ஐசொலேட்டர் சுவிட்ச். பயன்படுத்தாத நேரத்தில் அது ஆஃபில் இருக்கட்டும். இழுக்கும்போது ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து அழுத்தாமல், நிறுத்தி நிறுத்தி இழுங்கள். மோட்டாரும் ஆறும், ஆல்டர்னேட்டரும் பேட்டரியைத் தூக்கிவிடும்.